ஒரு வேலைக்கு இரண்டு கையெழுத்து

மருதப்பன் பஃப்பலோ ரோடு அடுக்குமாடியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். வலது முழங்கைக்குக் கீழே அவருக்குக் கை கிடையாது. தேக்கா சந்தையில் பார்க்கிறவர்கள், "லிஃப்டில் மாட்டிக்கொண்டாராம்" என்று சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விடுகிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அவ்வளவுதான் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர் முதலில் செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். வெள்ளைக்காரர்கள் கடற்படைத் தளத்தைவிட்டுப் போனபின் அங்கே பலருக்கு வேலை நிலைக்கவில்லை. அவர் ஒரு லிஃப்ட் பராமரிப்பு கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். கம்பிக்கயிறு, பிரேக், கப்பி எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. மின்சாரம் மட்டும் கடைசிவரை ஏறவில்லை. லிஃப்டின் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தால், "மீ கோரேங் நூடுல்ஸைக் கொட்டி வெச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லி மூடிவிடுவார்.

அந்தப் பெட்டி சவரிராஜுக்கு விளையாட்டு. சவரிராஜ் லூர்து மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர், மெலிந்த ஆள். அவர் கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் மரை தேய்ந்துவிடும் என்று மருதப்பன் கிண்டல் செய்வார். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஆள். இது கம்பெனியில் பரீதாவுக்கு நன்றாகத் தெரியும். புகார் வந்தால் யாரை எங்கே அனுப்புவது என்று போனில் சொல்வது பரீதாவின் வேலை. இவர்கள் இருவரையும் அவர் பிரித்து அனுப்பியதே இல்லை.

இவர்கள் வேலை செய்த முறையைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். சவரிராஜ் மொட்டைமாடி மோட்டார் ரூமில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பார். மருதப்பன் கீழே ஏதாவது ஒரு தளத்தில் கதவைத் திறந்து, "சவரி, ஆஃப்!" என்று லிஃப்ட் ஏறி இறங்கும் கூண்டுக்குள் கத்துவார். மேலே சுவிட்ச் அணையும். அதற்குப் பிறகுதான் உள்ளே கை நீளும். வேலை முடிந்ததும், யார் செய்திருந்தாலும், ஜாப் கார்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

எண்பத்தைந்தில் பொருளாதாரம் சரிந்தது. கம்பெனியில் பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் ஒரு கம்ப்யூட்டரை இறக்கினார்கள். ஒவ்வொரு டெக்னீஷியனுக்கும் என்னென்ன வேலை தெரியும் என்று அதற்குள் பதிந்துவிட்டால், புகார் வந்ததும் பொருத்தமான ஆளை அதுவே எடுத்துக் கொடுக்கும். ஒரு வேலைக்கு ஒரே ஆள். யாருக்கு என்ன தெரியும் என்பதைப் பழைய ஜாப் கார்டுகளைப் பார்த்துத்தான் பதிந்தார்கள். மருதப்பனுக்கு எல்லாம் தெரியும் என்று பதிவானது. சவரிராஜுக்கும் அப்படியே.

பரீதா அதைத் திரையில் பார்த்ததும் மருதப்பனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, உங்க பேர்ல கன்ட்ரோல் வேலை எல்லாம் விழுந்திருக்கு. நான் மேனேஜர்கிட்ட சொல்லி எடுத்துடவா?"

"எடுத்துட்டா என்னாவும்?"

"கொஞ்சம் வேலைதான் வரும்."

"கொஞ்சம் வேலை வந்தவன்லாம் இப்ப எங்க இருக்கான் பரீதா? வேணாம் லா. சவரி இருக்கான், பார்த்துக்குவோம்."

பரீதா சொல்லாமல் இருந்துவிட்டார். அவர்களும் கொஞ்ச நாள் சமாளித்தார்கள். மின்சார வேலை வந்தால் மருதப்பன் பரீதாவுக்குப் போன் போடுவார். சவரிராஜ் தன் வேலையை அவசரமாக முடித்துவிட்டு பஸ் பிடித்து வருவார். இரண்டு தடவை வந்து சேர முடியவில்லை. அந்த இரண்டும் முடிக்காத வேலை என்று மருதப்பன் பேரில் ஏறின. இன்னொன்று ஏறினால் வேலை இருக்காது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மூன்றாவது வேலை தெம்பனிஸ் அடுக்குமாடி ஒன்றில் வந்தது. ஒன்று, ஐந்து, ஒன்பது ஆகிய தளங்களில் நிற்கும் லிஃப்ட். கதவு மூடியும், மூடவில்லை என்று நினைத்து நகராமல் நின்றது. மருதப்பன் கீழ்த்தளப் பொதுத் தொலைபேசியிலிருந்து பரீதாவை அழைத்தார்.

"சவரி கேலாங்ல இருக்காரு அண்ணே. பேஜர் அடிச்சிட்டேன். நீங்க எதையும் தொடாதீங்க."

அவர் காத்திருந்தார். லிஃப்ட் முன்னால் கூட்டம் சேர்ந்தது. இரண்டு கையிலும் சந்தைப் பைகளோடு நின்ற ஒரு மாது தமிழிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணே, லிஃப்டுக்குக் காவலா? ஒம்போதாவது மாடிக்கு உங்க மேனேஜரா இதைத் தூக்கிட்டு வருவாரு? கம்ப்யூட்டர் வெச்சிருக்கோம்னு நோட்டீஸ் ஒட்டத் தெரியுது, வேலை தெரிஞ்ச ஆளை அனுப்பத் தெரியல."

அந்தக் கடைசி வார்த்தை அவரைக் குத்தியது. மோட்டார் ரூமுக்கு ஏறினார். இந்தக் கோளாறுக்குச் சவரிராஜ் ஒரு சின்ன ஒயரை எங்கே மாட்டுவார் என்று பலமுறை பார்த்திருந்தார். அதை மாட்டினால், கதவு எல்லாம் மூடியிருப்பதாக லிஃப்ட் நம்பிவிடும். கெட்டுப்போன கதவு எது என்று தேடுவதற்கு மட்டும்தான் அந்த ஒயர். மாட்டினார். லிஃப்ட் நகர்ந்தது. கீழே சிலர் கைதட்டினார்களாம்.

பிறகு ஐந்தாம் தளத்துக்கு இறங்கி, சாவியால் கதவைத் திறந்து, பூட்டைப் பார்க்கக் குனிந்தார். அங்கே நின்றவர்கள் பின்னால் சொன்னது இது: அவர் கூண்டுக்குள் தலையை நீட்டி, "சவரி, ஆஃப்!" என்று சத்தமாகக் கத்தினார். ஒரு நொடி நின்றார். பிறகு கையை உள்ளே விட்டார்.

மேலே யாரும் இல்லை. கீழ்த்தளத்தில் யாரோ பொத்தானை அழுத்த, கதவு திறந்திருப்பது தெரியாமல் ஒன்பதிலிருந்து லிஃப்ட் இறங்கி வந்தது.

சவரிராஜ் வந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. அவர்தான் மோட்டார் ரூமுக்குப் போய் அந்த ஒயரைக் கழற்றினார்.

மருத்துவமனையில் சவரிராஜ் அழுதார். "நான் உண்மையைச் சொல்லிடுறேன் அண்ணே. உங்களுக்கு இந்த வேலை தெரியாதுன்னு சொல்லிடுறேன்."

"சொன்னா? எல்லாக் கார்டும் பொய்னு ஆவும். உன்னையும் அனுப்புவான். மூணு பிள்ளைய வெச்சிருக்கே. வாயை மூடிக்கிட்டு இரு."

மருதப்பனின் மனைவி பூவம்மா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். "கை போயும் இன்னும் அவனுக்குத்தான் பார்க்கிறீங்க" என்றார். சவரிராஜைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விசாரணையில் மேனேஜர் ஒரே கேள்விதான் கேட்டார். இந்த வேலை உங்களுக்குத் தெரியுமா? மருதப்பன் தெரியும் என்றார். தேர்ந்த டெக்னீஷியன், சொந்தக் கவனக்குறைவு என்று முடித்தார்கள். சட்டப்படி வந்த நஷ்டஈட்டோடு வேலையும் முடிந்தது. பரீதா அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவரும் கதவைத் தட்டவில்லை.

கம்ப்யூட்டரிலிருந்து மருதப்பன் பெயரை நீக்கினார்கள். சவரிராஜ் பெயர் அப்படியே இருக்கிறது. கம்பிக்கயிறு தெரியும், பிரேக் தெரியும், எல்லாம் தெரியும் என்று.

இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள், காலையில் சந்தைக்குக் கீழே உள்ள காப்பிக் கடைக்குச் சவரிராஜ் வருகிறார். நேற்றும் வந்தார். நான் அடுத்த மேசையில் இருந்தேன்.

"பிரேக் வேலை அண்ணே. லைனிங் மாத்தணும்."

மருதப்பன் இடது கையால் இரண்டு சாசர்களை இழுத்து, நடுவில் கோப்பையை வைத்தார். "இது டிரம். ரெண்டு பக்கமும் ஷூ. ஸ்பிரிங்கை லூஸ் பண்றதுக்கு முன்னாடி எதிர்ப்பக்கம் தொங்குற எடைக்கட்டையைக் கீழ இறக்கி முட்டுக் கொடுத்திருக்கணும். இல்லன்னா லிஃப்ட் தானா ஓடும். முட்டுக் கொடுத்தியான்னு ரெண்டு தடவை பாரு."

"கீழ யாரு அண்ணே நிப்பா?"

மருதப்பன் கோப்பையிலிருந்து கையை எடுத்தார். "இப்பவாவது போய் உண்மையைச் சொல்லேன்டா" என்றார்.

சவரிராஜ் காப்பியைக் குடித்து முடித்தார். "சின்னவளுக்கு இந்த வருஷம்தான் அண்ணே ஸ்கூல் ஆரம்பிச்சிருக்கு" என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

மருதப்பன் எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் சாசர்களை எடுக்க வந்தபோது, "இருக்கட்டும்" என்றார். வேலை முடிந்ததும் சவரிராஜ் அந்தக் கடைக்குத்தான் போன் பண்ணுவார்.