மூன்றரைக் கிலோ கூடாரம்

மகளை அரிசி மண்டித் தராசில் ஏற்றி நிறுத்தேன். இடது காலில் மாட்டியிருந்த காலிப்பரோடு சேர்த்துப் பத்தொன்பது கிலோ.

“பிள்ளைய விக்கப் போறீரா, சாரே?” என்றார் மண்டி அண்ணாச்சி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கணக்கு வாத்தியார். முதுகுவலிக்காரன் வேறு. பத்தொன்பது போக இன்னும் எவ்வளவு என்னால் தூக்க முடியும் என்று மனதுக்குள் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் இருந்தபோது நடந்தது இது. மகளுக்கு ஏழு வயது. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. இரும்புக் கம்பியும் தோல்வாரும் வைத்த காலிப்பரைப் பூட்ஸோடு மாட்டி, அந்த வருஷம்தான் பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்கியிருந்தாள். பிள்ளை தானாக நடந்தால் ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் மூன்று நாள் தங்குவதாக என் மனைவி நேர்ந்திருந்தாள். அவளோ அப்போதுதான் இரண்டாவது பிள்ளை பெற்றிருந்தாள். ஆகவே நானும் மகளும் மட்டும் போக வேண்டும்.

அங்கே தங்குவதென்றால் விடுதி, சத்திரம் என்றெல்லாம் கிடையாது. காட்டுக்குள் ஆற்றங்கரையில் குடும்பம் குடும்பமாகக் கூடாரம் போட்டு, பொங்கித் தின்று, அங்கேயே படுப்பார்கள். லாரியிலும் டிராக்டரிலும் சாமான் வந்து இறங்கும். எனக்கு பஸ்தான். இறங்கி நடக்க வேண்டிய தூரத்துக்கு மகளைத் தூக்கிக்கொள்வது என்று நானாகவே முடிவுசெய்திருந்தேன். ஆகையால் கூடாரம் லேசாக இருந்தே தீர வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் சாரணர் முகாமுக்கு வைத்திருந்த கித்தான் கூடாரத்தைக் கேட்டு வாங்கி நிறுத்தேன். கம்போடு பதினெட்டுக் கிலோ. இன்னொரு மகள்! லாரித் தார்ப்பாய் ஒன்பது. வண்டிக் கிரீஸ் நாற்றத்துக்குத் தனியாக ஒரு கிலோ சேர்க்கலாம். நெல் மூடுகிற பாலிதீன் தாள் ஒரு கிலோதான். ஆனால் ஆடிக் காற்றில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும். தராசும் கையுமாக நான் அலைந்ததைப் பார்த்து மனைவி, “ஐயனாருக்கு எடைக்கு எடை கொடுக்கப் போறியளோ?” என்றாள்.

கடைசியில் டவுனில் குடை ரிப்பேர் செய்யும் ஒருவரைப் பிடித்தேன். கறுப்புக் குடைத் துணியை ஒட்டுப்போட்டுத் தைத்து, கழற்றி மாட்டுகிற மாதிரி அலுமினியக் குழாய் இரண்டு கொடுத்தால் மூன்றரைக் கிலோவுக்குள் முடிப்பதாகச் சொன்னார்.

“எத்தன பேருக்கு?”

“ரெண்டு பேருக்கு.”

“ஆடி அமாவாசைக்கா? ரெண்டு பேருக்கா? வெளையாடுதீரா வே? சொக்காரன் சொந்தக்காரன் வந்தா எங்கன படுப்பான்?”

“யாரும் வரமாட்டாங்க. அப்புறம், அதுக்கு ஒரு கதவு வேணும். உள்பக்கமா பொத்தான்.”

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “உள்ள யாரு, புதுப்பொண்ணா?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “தைக்கத் தெரியுமா, தெரியாதா?” என்றேன். கோபம் ஏன் வந்தது என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெருவில் மகள் நடந்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ‘ஐயோ பாவம்’ என்பார்கள். அதைக் கேட்கச் சகிக்காமல்தான் எங்கே போனாலும் அவளைத் தூக்கிக்கொண்டு, காலின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவேன். அந்தக் கூடாரமும் ஒரு பெரிய துண்டுதான்.

காரையாற்றில் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. மகளை இடுப்பிலும் கூடாரத்தை முதுகிலும் சாமான் பையைத் தோளிலும் சுமந்து, கூட்டத்தைத் தாண்டி ஒரு மருத மரத்தடியில் கூடாரத்தை அடித்தேன். அவளை உள்ளே விட்டுப் பொத்தான் போடச் சொல்லிவிட்டு, வெளியே கல் கூட்டி அடுப்பு மூட்டினேன். பத்தடி தள்ளி, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து லாரியில் வந்த ஒரு கூட்டம் பெரிய தார்ப்பாய் கட்டியிருந்தது. இருபது பேர், ஒரு கிடா, மலைபோல வாழையிலைக் கட்டு. அதிலிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் என்னிடம் வந்தாள்.

“நட்டநடுப் பகல்ல அடச்சு வச்சிருக்கியளே, பிள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லையா?”

“அவ தூங்குதா” என்றேன்.

உள்ளேயிருந்து மகள் குரல் வந்தது. “நான் தூங்கல. வெந்து சாவுதேன். அப்பாதான் பொத்தானப் போடச் சொன்னாவ.”

கறுப்புத் துணி, உச்சி வெயில். காற்று போகுமா என்று யோசிக்காமல் எடையை மட்டும் கணக்குப் போட்ட வாத்தியார் நான். பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வியர்வையில் நனைந்த பாவாடையோடு, காலிப்பர் ‘டக்’கென்று சத்தமிட, மகள் எழுந்து நின்றாள். அந்தப் பெண் காலைப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, வரப்போகும் ‘ஐயோ பாவ’த்துக்குக் காத்திருந்தேன்.

“ஏட்டி, சும்மாதான இருக்க? இங்கன வந்து இந்த உள்ளிய உரி” என்றாள் அவள்.

அவ்வளவுதான். மகள் போய் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தாள். பிறகு அங்கேயே சாப்பிட்டாள், அங்கேயே படுத்தாள், அந்தப் பிள்ளைகளோடு ஆற்றுக்கும் போய்வந்தாள். மூன்று நாளும் என் கூடாரத்தில் குடியிருந்தது அவர்களுடைய வாழையிலைக் கட்டு. கதவைத் திறந்து வைத்தால் இலை வாடாமல் இருக்க நல்ல நிழல் என்று என்னைப் பாராட்டவும் செய்தார்கள். நானும் இரண்டாம் நாளே அந்தத் தார்ப்பாய்க்குக் குடிபோய்விட்டேன்.

திரும்பும் நாள் காலையில் கூட்டம் தாங்காமல் பஸ்ஸை ஒரு மைலுக்கு அப்பாலேயே நிறுத்திவிட்டார்கள். கூடாரத்தைச் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு, வழக்கம்போல மகளுக்காகக் குனிந்தேன். அவள் ஏறவில்லை.

“அப்பா, கூடாரம் எவ்வளவு கனம்?”

“மூணரைக் கிலோ.”

“அப்ப இங்க தாங்க. நான் கொண்டாரேன்.”

“ஒரு மைல் இருக்கு. உன்னால நடக்க முடியாதும்மா.”

“முடியும். நீங்கதான் விட மாட்டேங்கிய.”

குனிந்தவன் நிமிர்ந்தேன். பிள்ளை நடந்ததற்கு நன்றி சொல்ல வந்த கோயிலுக்கு, அவளைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு வந்தவன் நான்! இத்தனை நாள் தராசைத் தூக்கிக்கொண்டு அலைந்தும் இந்த ஒரு கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. அழுகையே வந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்து, அவள் தோள்களில் அறுக்காதபடி என் துண்டை மடித்து வைத்துக் கட்டிவிட்டேன்.

அவள் முன்னால் போனாள். ‘டக்... டக்...’ என்று சத்தம். நாலு இடத்தில் நின்றாள், ஒரு இடத்தில் விழுந்து எழுந்தாள். நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே மெல்ல நடந்தேன். தூக்கப் போன கையைப் பலமுறை மடக்கிக்கொண்டேன். பாதி வழியில், கிடாவைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்த ஒருவர் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். அவருக்கு வந்த கோபம் நியாயமானது.

“ஏம்வே, கால் முடியாத பிள்ள முதுகுல மூட்டைய ஏத்திட்டு, நீரு கைய வீசிக்கிட்டு வாரீரே. வெக்கமா இல்ல ஒமக்கு?”

மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

“இருந்துச்சு அண்ணாச்சி” என்றேன். “இப்ப இல்ல.”