எந்த ஷாஃப்ட்?

எங்கள் ஊர்க்காரர்கள் புது இசைக்குப் பயந்து எழுந்து ஓடமாட்டார்கள் என்று நான் நம்பினேன். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் கிணறு வழியே பூமிக்கடியில் மைல் கணக்கில் இறங்கியவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும்தானே? சுருதி கொஞ்சம் பிசகினால் என்ன ஆகிவிடும்?

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் புது இசைச் சங்கத்துக்கு நான் செயலாளர். தலைவர், சர்ச்சில் ஆர்கன் வாசித்து ஓய்வுபெற்ற டீச்சர். இன்று எழுதப்படும் சாஸ்திரிய இசையை இன்றே கேட்க வைப்பது எங்கள் லட்சியம். கேட்க வருபவர்கள் ஒன்பது பேர். மழை பெய்தால் பதினொன்று.

மண்டபக் கமிட்டிக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த வாட்டி பாதி ஹாலாவது ரொம்பணும் சார். இல்லன்னா பந்தல் சாமான் போட வாடகைக்கு வுட்டுடுவோம்."

ஊரிகம் தொழிலாளர் லைன் வீடுகளில் ஏறி இறங்கி, பென்ஷன் வாங்கும் சுரங்கத்துப் பெரியவர்களைக் கெஞ்சி அழைத்து வந்தேன். முக்கால் ஹால் நிறைந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக மைக்கில் என் குரல் நடுங்கவில்லை.

பெங்களூர் செல்லோக்காரர், பெரிய வயலின் மாதிரியான தன் வாத்தியத்தை நிறுத்திவைத்துப் புதுப் படைப்பை ஆரம்பித்தார். காலை ஒத்திகையில் கரண்ட் இல்லை. ஸ்பீக்கர் இல்லாமல் கொசு பாடுவதுபோல்தான் இருந்தது. இப்போது ஸ்பீக்கரோடு அடித்தந்தியை ஓர் இழு இழுத்தார். தரை உறுமியது. கூரைத் தகரம் கடகடத்தது.

சுரங்கத்துக்குள் பாறை தானாக வெடித்தால், ராக்பர்ஸ்ட் என்போம், மேலே எங்கள் வீடு இப்படித்தான் குலுங்கும். தட்டு உருளும், தெருவுக்கு ஓடுவோம். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அது என் மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை.

"ராக்பர்ஸ்ட்! ஓடுங்க!"

கத்தியது நான். முதலில் வாசலைத் தாண்டியதும் நான். பின்னாலேயே முக்கால் ஹாலும் வந்தது, கமிட்டிக்காரர் ஒற்றைச் செருப்போடு.

அப்பாவோடு ஒரே ஷிஃப்ட்டில் இருந்த பெரியவர் மூச்சிரைக்கக் கேட்டார்: "எந்த ஷாஃப்ட்டுப்பா?"

"ஷாஃப்ட் இல்ல மாமா. பாட்டு."

"பாட்டா? பாட்டுக்கு நீ இன்னாத்துக்குடா ஓடுன?"



"உள்ள வாங்க, இன்னும் பாதி இருக்கு" என்று ஒவ்வொருவர் கையாகப் பிடித்தேன்.

"போப்பா, நெஞ்சு படபடன்னு அட்ச்சிக்குது" என்று பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

உள்ளே டீச்சர் மட்டும் இருந்தார். செல்லோக்காரர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க செகரட்ரி. கைதட்ட ரெண்டு பேராவது வேணும்" என்றார் டீச்சர்.

தட்டினோம்.

மறுவாரம் மண்டபத்தில் பந்தல் சாமான் அடுக்கினார்கள். அதற்குப் பிறகு சங்கம் ஒரு கச்சேரியும் நடத்தவில்லை.