தாய்மாமன் மைக் பிடித்த நாள்

ஒரு குடும்பம் என்றால் பெயர் எடுத்தவர் ஒருவர் இருப்பார், பெயரைக் கெடுத்தவர் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் சிக்கனம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆள்தான்: அம்மாவின் அண்ணர். யாழ்ப்பாணத்தில் முதன்முதலாக மின்சாரக் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் துள்ளிய இரண்டு மூன்று பேரில் அவர் ஒருவர். மேல்நாட்டு ரொக் அன்ட் ரோலைக் கேட்டுவிட்டு, அந்தத் தாளத்துக்கு எங்களுடைய பேச்சுத் தமிழில் பாட்டுக் கட்டினார். சனம் அதைப் பொப் பாட்டு என்றது. பெரியவர்கள் வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள்; அவற்றை இங்கே எழுத முடியாது.

நான் பிறந்தது கனடாவில். மாமாவை நேரில் கண்டதில்லை. அவர் மொன்றியலில் தனியாக இருந்தார், நாங்கள் அஜக்ஸில் இருந்தோம். இடையில் ஆறு மணி நேரப் பாதை. அதைவிடப் பெரிய தடை அப்பா. "உங்கட ராசா" என்றுதான் அவரைப் பற்றி அம்மாவிடம் பேசுவார். அந்த ராசாவை வீட்டுப் படியில் ஏற்றுவதில்லை என்று சபதம்.

ஆனால் கதைகளை யாரால் தடுக்க முடியும்? கோயில் திருவிழாவில் ஒருமுறை பெரியவர்கள் மேடைக்குப் போன கரண்டை நிறுத்திவிட்டார்களாம். மாமா கீழே குதித்து, தண்ணீர்ப்பந்தல் வாங்குப் பலகையில் ஏறி நின்று, மைக் இல்லாமலே பாடி முடித்தாராம். மேளக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்த சனமும் எழும்பி வந்துவிட்டதாம். இன்னொரு நாள் இரண்டு ஊர்களில் ஒரே நேரத்தில் பாட ஒப்புக்கொண்டு, இரண்டுக்கும் போகாமல் கடலில் குளித்துக்கொண்டிருந்தாராம். ஏன் வரவில்லை என்று கேட்க வந்தவரின் மூக்கை உடைத்தாராம். இரண்டு கலியாணம், இரண்டு மனுசிமாரும் விட்டுவிட்டுப் போனார்கள். குடி வேறு. சொந்தக்காரர் இதையெல்லாம் தலையில் அடித்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். முடிக்கும்போது பார்த்தால் சிரித்துக்கொண்டிருப்பார்கள். "குழப்படிக்காரன், ஆனா என்ன பாட்டுக்காரன்!" என்பது கடைசி வசனம். எனக்கு அதில் பெருமை தாங்காது. பள்ளிக்கூடத்தில் என் மாமா ஒரு ரொக் ஸ்ரார் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒருத்தியும் நம்பவில்லை.

அம்மாவிடம் ஒரு பழைய கசெற் இருந்தது. அப்பா இல்லாமல் நாங்கள் இருவரும் ஸ்காபரோவுக்குச் சாமான் வாங்கப் போகும்போது மட்டும் அது வெளியே வரும். அதில் மாமாவின் பெயர்போன பாட்டு இருந்தது. ஒழுங்கையில் நிற்கும் ஒரு பெட்டையைச் சைக்கிளில் ஏறி வரச் சொல்லிக் கேட்கிறான் ஒருவன். "ஏறி வாறியோ பெட்டை, ஏறி வாறியோ?" என்று மாமா கேட்பார். "ஐயாவைக் கேட்டுச் சொல்லுறன்" என்று ஒரு பெண்குரல் பதில் சொல்லும். அவ்வளவுதான் பாட்டு. அவன் புதிது புதிதாக ஆசை காட்டுவான், அவள் ஐயாவைக் கேட்டுச் சொல்லுவாள். அந்தப் பெண்குரலை நான்தான் பாடுவேன், எங்கள் வான் வண்டியின் கண்ணாடி அதிர. அந்தக் குரல் யாருடையது என்று கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

பதின்மூன்று வயதில் நான் பெரியபிள்ளையானேன். கோடை விடுமுறையில் ஸ்காபரோவில் ஒரு கலியாண ஹோல் பிடித்து நானூறு பேருக்குச் சாமத்திய வீடு என்று முடிவாயிற்று. அப்போதுதான் அப்பாவின் சபதத்துக்கு ஆபத்து வந்தது. வேறு எந்தச் சடங்கையும் மாற்றலாம், சுருக்கலாம். தாய்மாமன் தேங்காய் உடைத்துக் கையைப் பிடித்து அழைத்து வராமல் சாமத்திய வீடு இல்லை. அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு அண்ணர். அப்பாவின் அக்காமாரே விடவில்லை. "தாய்மாமன் உயிரோட இருக்கேக்கை வேற ஆரும் செய்தால் பிள்ளைக்குக் கூடாது" என்றார்கள். மாமாவின் மனுசியும் வருவாவோ என்று ஒருவர் கேட்டார். "எந்த மனுசி?" என்றார் அப்பா.

கடைசியில் அப்பா இறங்கி வந்தார். வரட்டும், தேங்காய் உடைக்கட்டும், சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். மைக்குக்குக் கிட்ட மட்டும் போகக்கூடாது. அம்மா தலையாட்டினார். நான் தலையாட்டவில்லை. சிநேகிதிகள் ஏழு பேரை அழைத்திருந்தேன். மாமா பாடாவிட்டால் செப்ரெம்பரில் நான் எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது?

எனக்குச் சேலை உடுத்திவிட ஒரு அன்ரி வந்தார். ஸ்காபரோவில் ஓர் அப்பாட்மென்றில் தனியாக இருந்து பிளவுஸ் தைப்பவர். அம்மாவின் ஊர், அம்மாவைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கலியாணம் கட்டாதவர். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கைக்கு ஈடில்லை. அவர் சேலை மடிப்பெடுத்துக் கொய்யகம் பிடித்தால் விடியத் தொடங்கிப் பின்னேரம்வரை குலையாது. அந்தக் கோடையில் அவரைப் பிடிக்க ஆறு மாதம் முந்திச் சொல்லவேண்டும். பிளவுஸ் அளவு பார்க்கப் போனபோது நான் வழக்கம்போல என் பாட்டைப் பாடிக்கொண்டு நின்றேன். அன்ரி வாயிலிருந்த ஊசிகளை எடுத்தார்.

"அந்த இடத்தை இழுக்காதை பிள்ளை. வெட்டிப்போட்டு மூச்சை விழுங்கு. சிரிப்பு வந்தும் வராத மாதிரி இருக்கவேணும். அவள் வரமாட்டனெண்டு சொல்லேல்லை, விளங்குதோ?"

ஒருதரம் பாடியும் காட்டினார். கசெற்றில் 'சொல்லுற...ன்' என்று நீண்டு போகும் இடம், அவர் வாயில் சட்டென்று முறிந்து, உள்ளே ஒரு சிரிப்பாகப் போனது. நான் நாலு தரம் முயன்று பிடித்துவிட்டேன். பிறகு அவர் ஊசிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு, அசையாமல் நிற்கச் சொன்னார். பெரியவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்த வயது, ஆச்சரியப்படவில்லை.

விழா அன்று காலை, ஹோலின் உடுப்பு மாற்றும் அறையில் வைத்துத்தான் மாமா வருகிற விசயத்தை அம்மா அன்ரியிடம் சொன்னார். முதலே சொல்லியிருந்தால் அன்ரி வந்திருக்க மாட்டார் என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்த அன்ரியின் சீப்பு நின்றது.

"இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாதக்கா," என்றார் அம்மா. "நீங்கள் அறைக்குள்ளயே நிண்டால் காணும்."

"தெரிஞ்சால் நாளைக்கு ஒரு வீட்டுக்குள்ளயும் என்னை விடமாட்டினம். உனக்கு அது தெரியும்தானே?"

என் தலைக்கு மேலேதான் இந்தப் பேச்சு நடந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அன்ரியின் தையல் மெசின் சத்தம் பற்றிக் கீழ்வீட்டுக்காரன் முறைப்பாடு செய்ததாகவும், வீட்டில் வைத்துத் தைப்பது கட்டடக்காரருக்குத் தெரிந்தால் பிரச்சினை என்றும் முன்பு கேள்விப்பட்டிருந்தேன். அதுதான் இரகசியம். அதை நான் ஒருத்தருக்கும் சொல்லப்போவதில்லை என்று மனதுக்குள் சத்தியமும் செய்துகொண்டேன். அந்தச் சத்தியத்தை இன்றுவரை காப்பாற்றியிருக்கிறேன்.

மாமா வந்தார். எனக்கு அழுகை வராத குறை. கட்டையான, ஒடிசலான மனிதர். சலரோகத்தில் வீங்கிய கால், அதில் செருப்பு. சாயம் பூசிய தலைமயிர். ஹோலுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. இவரா கரண்ட் இல்லாமல் திருவிழாவைக் கலக்கியவர்? தேங்காயை ஒரே அடியில் உடைத்தார், அதை மறுக்க முடியாது. என் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனார். அம்மா அழுதுகொண்டு நின்றார். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அண்ணரைக் காண்கிறார்.

ஆராத்தி முடிந்தது, இரண்டாவது சேலை மாற்றினேன், கேக் வெட்டினேன். அறிவிப்பாளர் என்னிடம் மைக்கை நீட்டி, பிள்ளைக்கு இண்டைக்கு என்ன வேணும் என்று கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் அப்பா அம்மாவுக்கு நன்றி சொல்லும் இடம் அது. எனக்கும் ஒரு துண்டில் எழுதித் தந்திருந்தார்கள்.

"எனக்கு மாமா பாடவேணும்," என்றேன். "ஒரே ஒரு சோங், ப்ளீஸ்."

நானூறு பேருக்கு முன்னால் அப்பா என்ன செய்வார்? சிரித்தார். அந்தச் சிரிப்பை வீடியோவில் இன்றும் பார்க்கலாம். பல்லு வலிக்காரன் சிரிப்பு. மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அம்மாவைப் பார்த்தார். பிறகு வாத்தியக் குழுவில் இருந்த பெடியனிடம் கிற்றாரை வாங்கினார். ஒரு நரம்பை மெல்லத் திருகினார். உடனே பாடவில்லை. உள்ளங்கையால் கிற்றார்ப் பெட்டியில் தட்டிக்கொண்டே நின்றார், தட்டிக்கொண்டே நின்றார், கரண்டிச் சத்தம் எல்லாம் அடங்கும் வரைக்கும். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

குரல் போய்விட்டிருந்தது, உண்மை. ஆனால் அந்த மனிதர் ஒவ்வொரு வரியையும் அரைத் தட்டுப் பிந்திப் பிடித்தார். வராதோ, விட்டிட்டாரோ என்று நீங்கள் முன்னுக்குச் சாயும் நேரம் பார்த்து வந்து விழும். ஐம்பது வயது ஆட்கள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்கள். சரிகைச் சேலைகள் ஆடின. வீங்கிய காலைத் தரையில் அடித்து அடித்து மாமா இருபது வயதாகிக்கொண்டிருந்தார். மேசைக்குக் கீழே அப்பாவின் சப்பாத்துத் தாளம் போட்டதை நான் என் கண்ணால் கண்டேன். என் சிநேகிதிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

பெண்குரல் வரும் இடத்தில் மாமா மைக்கைச் சபையை நோக்கி நீட்டினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் விடுவேனா? ஓடிப்போய் மைக்கைப் பிடித்துப் பாடினேன். அன்ரி சொன்னபடியே வெட்டினேன், மூச்சை விழுங்கினேன்.

மாமாவின் கை கிற்றாரில் அப்படியே நின்றுவிட்டது. சனம் கை தட்டியது, அவர் தட்டவில்லை. என்னைப் பார்த்து, மைக் வாயருகில் இருக்கிற நினைப்பே இல்லாமல் கேட்டார்:

"ஆர் பிள்ளை உனக்கு உப்பிடிப் பாடக் காட்டித் தந்தது?"

நல்லதைச் செய்தவரை நாலு பேர் அறியச் சொல்லவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். கையை நீட்டிக் காட்டினேன்.

"எனக்குச் சாறி உடுத்திவிடுற அன்ரிதான்! அந்தா நிக்கிறா!"

பாட்டுச் சத்தம் கேட்டு அவர் அறை வாசல்வரை வந்திருந்தார். மூன்றாவது சேலை கையில் கிடந்தது. வீடியோக்காரர் தன் பெரிய விளக்கை அவர் பக்கம் திருப்பினார். மாமா ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எங்களில் யாரும் அன்ரியை அந்தப் பெயரால் அழைத்ததில்லை. வயதானவர்கள் இருந்த மேசையில் ஒருவர், "அட, அவளோ இவள்!" என்றார். அது அடுத்த மேசைக்குப் போனது, அதற்கடுத்த மேசைக்கும் போனது.

"வாருமன். ஒருக்காப் பாடும்," என்றார் மாமா. குரல் கெஞ்சியது.

"எனக்கு வேலை இருக்கு," என்றார் அன்ரி. மைக் இல்லாமலே ஹோல் முழுக்கக் கேட்டது. "பிள்ளை, வா, உடுப்பு மாத்தவேணும்."

மூன்றாவது சேலையையும் அவர்தான் உடுத்திவிட்டார். கொய்யகம் ஒரு நூல் பிசகவில்லை. எல்லாரும் கை தட்டினவை பாத்தீங்களோ அன்ரி என்று நான் ஓயாமல் அலட்டிக்கொண்டு நின்றேன். ஓம் பிள்ளை, அசையாதை என்றார்.

மிச்சத்தை அம்மா சொன்னது எனக்கு இருபத்தைந்து வயதானபோது, நான் காரோட்ட அவர் பக்கத்தில் இருந்து வந்த ஒரு நாள். மேடையில் மாமாவோடு அன்ரி பாடியது பத்தொன்பது வயதில் தொடங்கி இரண்டு வருடம். கசெற்றில் இருந்த பெண்குரலும் அவருடையதுதான்; இசைத்தட்டுக்காக இழுத்த அந்த இடத்தை மேடையில் அவர் வெட்டித்தான் பாடுவாராம். இசைத்தட்டில் மாமாவின் பெயர் மட்டும்தான் போட்டார்கள். கட்டுறன் என்று வாக்குக் கொடுத்த மாமா வேறு இடத்தில் கட்டினார். பாட்டுக் குழுவோடு ஊர் ஊராகத் திரிந்த பெட்டை என்று அன்ரியை ஒருவரும் பெண் கேட்டு வரவில்லை. தகப்பன் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். தனியே ஜெர்மனிக்குப் போய், பிறகு இங்கே வந்து, வேறு பெயரில் தையல் மெசினோடு ஒரு வாழ்க்கையைக் கட்டி எழுப்பியிருந்தார். அதைத்தான் நான் விளக்கு வெளிச்சத்தில் கை நீட்டிக் காட்டினேன். அந்தக் கோடையில் அவருக்கு இருந்த சாமத்திய வீடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. நல்ல காரியத்துக்கு அப்படிப்பட்டவவின் கை வேண்டாமாம். மாமாவுக்கோ அடுத்த மாதமே மூன்று ஹோல்களில் பாட அழைப்பு. தமிழ் றேடியோவில் பேட்டி கண்டார்கள். அந்த மூக்குடைத்த கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்கள். அப்பாகூட அவரோடு நின்று படம் எடுத்தார். "முள்ளில சீலை விழுந்தாலும் சீலையில முள்ளு விழுந்தாலும் கிழியிறது சீலைதான்," என்று அம்மா சொல்லி முடித்தார். எனக்குக் காரை எங்காவது நிறுத்தவேண்டும் போல இருந்தது. நெடுஞ்சாலையில் நிறுத்த முடியாது.

ஆனால் பதின்மூன்று வயதில் எனக்கு அது ஒன்றும் தெரியாது. அன்றைக்கு இரண்டு பேருக்கு நன்மை செய்தேன் என்ற நினைப்போடு திரிந்தேன். ஒக்ரோபரில் பெரியப்பாவின் மகளுக்குச் சாமத்திய வீடு வந்தது. சேலை உடுத்த வேறு யாரோ வந்து, கொய்யகம் கோணலாகி, பிள்ளை அழுதுகொண்டு நின்றாள். ஏன் எங்கட அன்ரியைக் கூப்பிடவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். அவ இப்ப ஒரு இடமும் வாறேல்லை என்றார் அம்மா. எனக்கு உடனே காரணம் பிடிபட்டது. என் வயதுப் பெட்டைகள் எல்லாரையும் சுற்றிவைத்துச் சொன்னேன்: "அண்டைக்கு எல்லாரும் அவவைத் திரும்பித் திரும்பிப் பாத்தவை எல்லே, அதோட அவவுக்குப் பெரிய நினைப்பு வந்திட்டுது. இனி எங்களுக்கெல்லாம் சாறி உடுத்திவிட வருவாவோ?"

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.