இன்னொரு வாய்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. துபாயில் அல் குசைஸ் பக்கம் ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்து எனக்கு அது முதல் வருடம். நாற்பதைத் தாண்டிய பிறகு புது வாத்தியார் ஆனவன் நான். அதுவரை தென்காசியில் டியூஷன் எடுத்தே காலத்தை ஓட்டியிருந்தேன். ஜூலையும் ஆகஸ்டும் பள்ளிக்கு விடுமுறை. மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் ஊருக்கு விமானம் ஏறிவிட்டார்கள். முதல் வருடக்காரர்களுக்கு டிக்கெட் கிடையாது என்பது ஒப்பந்தம். சொந்தச் செலவில் போகவும் வழியில்லை. ஆக, அந்த இரண்டு மாதமும் கராமாவில் நான்கு பேராகத் தங்கியிருந்த அறையிலேயே கிடந்தேன்.

கிடந்தேன் என்றாலும் சில சுகங்கள் இருக்கத்தான் செய்தன. காலையில் மற்ற மூவரும் டூட்டிக்குப் போனபின் அறை முழுக்க எனக்கு. ஜன்னல் ஏ.சி.க்கு நேர் கீழே இருந்த கட்டில் அறையில் மூத்தவருடையது. அவர் லிஃப்டில் இறங்கிவிட்டார் என்று தெரிந்ததும் அதில் போய்ப் படுத்துக்கொள்வேன். அவர் திரும்புவதற்குள் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட வேண்டுமே என்ற கவலையில் பாதித் தூக்கம் போய்விடும். மீதிப் பாதி அருமையான தூக்கம். வெயில் தாழ்ந்ததும் பர் துபாய் வரை நடப்பேன். க்ரீக் ஓரம் உட்கார்ந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போகும் அப்ரா படகுகளை எண்ணுவேன். எனக்கு எதையும் எண்ணாமல் பார்க்க வராது. அறையின் பால்கனியில் டீயோடு நின்றால், எதிரே கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் ஜன்னல் ஓட்டைகளை எண்ணுவேன். நேற்று எண்ணியதுதான், இன்று மாறியா இருக்கப்போகிறது? இருந்தாலும் எண்ணுவேன்.

அந்தக் கட்டடத்துக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தார். முப்பது வயதைக் கடந்தவர், முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். கீழே பிளைவுட்டில் அடித்த ஒரு பெட்டி போன்ற அறைதான் அவருக்கு வீடு. இரவு டூட்டி. பகலில் நிழல் எங்கே நகர்கிறதோ அங்கே அவருடைய நாற்காலியும் நகரும். ஒரு நாள் காலையில் நான் பனியனோடு பால்கனியில் நிற்பதைப் பார்த்து, கீழேயிருந்து சத்தம் போட்டார்.

“என்ன சார், இன்னைக்கும் டூட்டி இல்லையா?”

“இல்ல தம்பி. லீவு.”

“லீவா! குடுத்து வச்சவரு சார் நீங்க!”

அவர் முகம் ஏன் அப்படி மலர்ந்தது என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் மற்றவர்கள் கிளம்பிப் போன சிறிது நேரத்தில் கதவைத் தட்டினார். குளித்து, தலைவாரி, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே கோடாலித் தைலம், இரண்டு சோப்பு, கொஞ்சம் பாதாம், உறை பிரிக்காத ஒரு வெற்று கேசட்.

“பெரிய கனமில்ல சார். ரெண்டு கிலோகூட வராது. இந்தக் கேசட்டுல மட்டும் பேசித் தந்துர்றேன். ஊர்ல எறங்குனதும் எங்க வீட்டுக்குச் சேத்துவிட்டுருங்க.”

“நான் ஊருக்குப் போகலையே தம்பி.”

“லீவுன்னீங்களே?”

“ஸ்கூலுக்குத்தான் லீவு. நான் இங்கேயேதான் இருக்கேன்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கேலி செய்கிறேனோ என்று நினைத்திருப்பார்.

“லீவுன்னா ஊருக்குப் போறதுதானே சார்? போகலைன்னா அதுக்கு எப்பிடி லீவுன்னு பேரு?”

அவர் சொன்னது சரிதான். வளைகுடாவில் வேலை இல்லாத நாளுக்கு ‘ஆஃப்’ என்று பெயர். லீவு என்றால் பெட்டி கட்டுவது, விமானம், ஊர், பெண்டாட்டி பிள்ளைகள். பள்ளிக்கூட வாத்தியான எனக்கு மட்டும்தான் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். போன வாரம் போனில் என் சின்ன மகளும் இதையேதான் கேட்டாள். “லீவுதானேப்பா, ஏன் வரல?” அவளுக்கே பதில் சொல்லத் தெரியாதவன், இவருக்கு என்ன சொல்வது? உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். கட்டிலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார்.

“எங்காத்தா படுத்த படுக்கையாக் கெடக்கு சார். கஞ்சி எறங்கல. தங்கச்சி ஊட்டுனா வாயை இறுக்க மூடிக்கிருதாம், இல்லைன்னா துப்பிருதாம். எம்மவன் வரட்டும், எம்மவன் வரட்டும்னு ஒரே பேச்சாம். டாக்டரு, வயித்துக்குள்ள எதாச்சும் போனாத்தான் பொழைக்கும்னுட்டாரு.”

அவர் லீவு கேட்டிருக்கிறார். கட்டடத்தை ஒப்படைக்கும்வரை யாரையும் விடமாட்டோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பாஸ்போர்ட் அவர்களிடம். விசா கொடுத்த அரபி முதலாளி, கபீல், வெளிநாடு போயிருக்கிறாராம். ஊரில் டீக்கடையில் ஒரு போன் உண்டு. தங்கச்சி அங்கே வந்து பேசலாம். எழுந்து உட்கார முடியாத தாயை அங்கே தூக்கிவர முடியாது.

“நான் சொன்னாக் குடிக்கும் சார். எங் கொரலைக் கேட்டாக் குடிக்கும்.”

அவருடைய பிளைவுட் கூண்டைச் சுற்றிப் பகல் முழுவதும் டிரில்லிங் சத்தம். அதனால் எங்கள் அறையிலேயே பேசச் சொன்னேன். அறை நண்பர் ஒருவரின் டேப்ரிகார்டர் இருந்தது. கேட்காமல் எடுக்கிறோமே என்று ஒரு பக்கம் கவலை. எடுத்தேன். கேசட்டைப் போட்டுச் சோதித்துப் பார்த்தால், குரலே கேட்கவில்லை. எங்கள் ஏ.சி. அப்படி, லாரி ஓடுகிற மாதிரி இரையும். அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் அறை அடுப்பாகிவிட்டது. நான் பால்கனிக்குப் போகிறேன் என்றேன்.

“இருங்க சார். தனியாப் பேசுனா பைத்தியம் மாதிரி இருக்கு.”

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, “அன்புள்ள தாயாருக்கு உங்கள் மகன் எழுதிக்கொள்வது, நலம், நலமறிய ஆவல்” என்றார். நிறுத்தினேன்.

“தம்பி, இது லெட்டர் இல்ல. ஆத்தா முன்னாடி உக்காந்து பேசுற மாதிரி பேசுங்க.”

“அப்பிடின்னா திட்டத்தான் சார் வரும்.”

“திட்டுங்க.”

திட்டினார். “ஏ ஆத்தா, என்ன நெனச்சுக்கிட்டு இருக்க? சின்னப் புள்ளையா நீயி? கம்பெனிக்காரன் விட்டா வரமாட்டனா? வாயைத் தொற. தங்கச்சி, கஞ்சிய எடு. எடுத்துட்டியா? ம். ஆத்தா, வாயைத் தொற. ஒரு வாய்.” அதற்குப் பிறகு பேசாமல் இருந்தார். டேப் சுற்றிக்கொண்டிருந்தது. மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். இல்லை, அவள் விழுங்குவதற்கு நேரம் கொடுத்துக்கொண்டிருந்தார். “முழுங்கிட்டியா? ம். இன்னொரு வாய்.” மறுபடி மௌனம். “இன்னொரு வாய் ஆத்தா.” வியர்வை மூக்கு நுனியில் இறங்கிச் சொட்டியதை அவர் துடைக்கவேயில்லை. இல்லாத கரண்டியைப் பிடித்த மாதிரி வலது கை அந்தரத்தில் நின்றது. ஒவ்வொரு தடவையும் அவர் வாய் தானாகத் திறந்து மூடியது. என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு. பதினாறாவது வாய்க்குப் பிறகு அவரால் பேச முடியவில்லை. பொத்தானை நானே அழுத்தி நிறுத்தினேன்.

தபாலில் போட்டால் எப்போது போய்ச் சேருமோ. அன்று மதியம் மெட்ராஸ் விமானம் ஒன்று இருந்தது. வாட்ச்மேன் இடத்தை விட்டு வெகுதூரம் போகக்கூடாது. எனக்குத்தான் லீவாயிற்றே. கேசட்டை மட்டும் எடுத்துக்கொண்டு விமான நிலையம் போனேன்.

அந்தக் காலத்தில் ஊருக்குப் போகிற நம் ஆட்களின் அட்டைப்பெட்டிகளை நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலே பெயரையும் ஊரையும் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதியிருப்பார்கள். முகங்களைப் பார்க்காமல் பெட்டிகளைப் படித்துக்கொண்டே போனேன். போலீஸ்காரர் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. பரமக்குடி என்று எழுதிய பெட்டிக்காரரிடம் கேட்டேன். “அடுத்தவன் சாமானா? முடியாது சார், மாஃபி. என்னைத் தூக்கி உள்ள வச்சிருவான்” என்று தள்ளு வண்டியோடு விலகிப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் வாங்கியிருக்க மாட்டேன். அவரையும் சேர்த்து ஐந்து பேர் மறுத்தார்கள்.

ஆறாவது பெட்டியில் கீழக்கரை என்று இருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர். பர் துபாய் மீனா பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“கோவிச்சுக்காதீங்க சார். உள்ள என்ன இருக்குண்டு கேட்டுட்டுத்தான் வாங்குவேன். காலம் அப்பிடி.”

பையிலிருந்து ஒரு வாக்மேனை எடுத்து, கேசட்டைப் போட்டு, காதில் மாட்டிக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். கொஞ்ச நேரம் கேட்டார். மெதுவாகக் கழற்றினார்.

“எங்க உம்மா மவுத்தானப்ப நான் இங்கதான் கடையில துணி கிழிச்சிக்கிட்டு நிண்டேன்” என்றார். பிறகு, “அட்ரஸைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன். நானே போய்க் குடுக்கிறேன்” என்றார்.

அதற்குப் பிறகு வாட்ச்மேன் தினமும், தகவல் உண்டா என்பதுபோல் என் பால்கனியைப் பார்ப்பார். நான் கையை விரிப்பேன். அவர் தலையாட்டுவார். ஒரு வெள்ளிக்கிழமை டீக்கடைக்குப் போன் போட்டுவிட்டு ஓடி வந்து, “கேசட்டு போயிருச்சு சார்! குடிச்சிருச்சாம்!” என்று கீழேயிருந்து கத்தினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அன்று மாலை க்ரீக் ஓரத்தில் நான் எதையும் எண்ணாமல் உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தன. காலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் வாட்ச்மேன். தலை மொட்டை, மீசை இல்லை. கராமா சலூனில் உட்கார்ந்து எடுத்துவிட்டு வந்திருக்கிறார். வழிவிட்டேன்.

அவர் கையில் ஒரு கேசட். கீழக்கரைக்காரர் முந்தின நாள்தான் துபாய் திரும்பி, கட்டடத்தைத் தேடி வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வீட்டில் டேப்ரிகார்டர் இல்லாததால் டீக்கடையிலிருந்து ஒன்றை வாங்கிவரச் சொல்லி, மகன் பேசியதை அதில் ஓடவிட்டிருக்கிறார். கூடவே, தன் வீட்டுக்காகக் கொண்டுபோன புது டேப்ரிகார்டரைப் பெட்டிக் கயிற்றை அறுத்து எடுத்து, அங்கே கேட்ட சத்தத்தையெல்லாம் அதில் பதிவு செய்திருக்கிறார். ‘அந்தப் புள்ள கேக்கணும்ல’ என்றாராம்.

வாட்ச்மேன் சொல்வதற்கு முன்பே ஏ.சி.யை அணைத்தேன்.

முதலில் ஒரு கோழியின் சத்தம். யாரோ இருமினார்கள். பிறகு, எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் வாட்ச்மேனின் குரல்: “ஏ ஆத்தா, என்ன நெனச்சுக்கிட்டு இருக்க?” உடனே ஒரு கிழவியின் முனகல், சிரிப்பு மாதிரியும் இருந்தது. “ஒரு வாய்.” மௌனம். அந்த மௌனத்துக்குள், டம்ளர் விளிம்பில் கரண்டி படும் ‘டிங்’ என்ற மெல்லிய சத்தம். “இன்னொரு வாய்.” டிங். அவர் இங்கே வியர்வையோடு விட்டுவைத்த ஒவ்வோர் இடைவெளியிலும் அங்கே ஒரு கரண்டி விழுந்துகொண்டிருந்தது. பிறகு ஓர் “இன்னொரு வாய்” வந்தது. சத்தம் இல்லை. “இன்னொரு வாய் ஆத்தா.” இல்லை. தங்கச்சி, “போதும்ணே, தூங்கிருச்சு” என்று டேப்ரிகார்டரைப் பார்த்துச் சொன்னது கேட்டது. அது தெரியாமல் அண்ணனின் குரல் கேட்டுக்கொண்டே போனது.

கேசட் நின்றதும் மீதியை வாட்ச்மேன் சொன்னார். அந்தத் தூக்கத்திலிருந்து ஆத்தா எழுந்து, இன்னும் சில நாள் இருந்து போயிருக்கிறாள். மறுபடி டேப்பைப் போட்டபோதெல்லாம் கேட்டாளாம். கஞ்சி மட்டும் இறங்கவில்லையாம்.

“நீங்க கணக்கு வாத்தியாரு, எண்ணிருப்பீங்கள்ல சார். எத்தன வாய்?”

“பதினொண்ணு” என்றேன். பதினாறில் மீதி ஐந்தை விழுங்கிக்கொண்டேன்.

“பதினொண்ணா!” என்று நிமிர்ந்தார். “நான் நாலோ அஞ்சோதான் இருக்கும்னு நெனச்சேன் சார். பதினோரு வாய் குடிச்சிருக்கு.” மொட்டைத் தலையைத் தடவியபடி, எழுந்து போகும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருடக் கடைசியில் கட்டடம் முடிந்து அவர் லீவில் போனார். திரும்பி வரவில்லை.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. உடம்பு சரியில்லாத என் மனைவிக்கு மகள் உள்ளறையில் கஞ்சி ஊட்டும்போது, நான் கூடத்தில் பேப்பரை விரித்தபடி டம்ளரில் கரண்டி படும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டாவது சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.