போகாத ஜார்ஜியாவில் ஐந்து நாள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: வெளிநாட்டுக்குப் போகாமலே, போய்விட்டதாகக் காட்டிக்கொள்ள வீட்டுக்குள் ஒளிந்துகிடந்த மடையன் நான். பத்து வயதில், ஷார்ஜாவில், ஆறாவது மாடி ஃபிளாட்டின் ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தபடி ஐந்து நாள் ஐரோப்பாவைச் சுற்றினேன். புத்தி இல்லாதவன் என்று சொல்லிவிட முடியாது. இருந்ததை முழுக்க அதற்கே செலவழித்துவிட்டேன்.

பெருநாள் லீவுக்கு ஜார்ஜியா போகலாம் என்று ஆரம்பித்தவர் வாப்பாதான். வளைகுடாவில் குடியிருக்கிறவர்கள் விசா எடுக்காமலே அங்கே போய்வரலாமாம். டிராவல்ஸ்காரர் ஒரு தாள் கொடுத்திருந்தார். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாத ஆயுள், திரும்பி வரும் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், இன்ஷூரன்ஸ். கடைசி வரியில், அமீரகத்தின் குடியிருப்பு விசா செல்லுபடியில் இருக்கவேண்டும். மதரசா பாடத்தைக்கூட நான் அப்படி மனப்பாடம் செய்ததில்லை. வகுப்பில் எழுந்து நின்று ஒப்பித்தேன். கடைசி வரியை மட்டும் விழுங்கிவிடுவேன். அந்த விசா ஏற்கெனவே எங்கள் பாஸ்போர்ட்டில் இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்ததே, இருப்பதைச் சொல்லி என்ன பெருமை? ஜார்ஜியா ஆசியாவில்தான் இருக்கிறது என்று ஒருவன் கிளப்பினான். ஐரோப்பாதான் என்று அடித்துப் பேசினேன். ஆசியாவில்தான் நாங்கள் தினமும் இருந்தோமே.

பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பு வாப்பாவின் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. வாப்பாவையும் நிறுத்திவிட்டார்கள். வேலை போனால் அவர் விசா போகும். அதில் தொங்கிக்கொண்டிருக்கும் உம்மாவின் விசாவும் என் விசாவும் கூடவே போகும். ஒரு மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூன்று பேரும் பெட்டி கட்டவேண்டியதுதான். இதெல்லாம் பல வருடம் கழித்து உம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. அன்று வாப்பா சொன்னது ஒரே வரி.

“இந்தத் தடவ போகல மவனே.”

எனக்கோ உலகமே இருண்டது. எங்கள் கட்டடத்தில் மட்டும் என் வகுப்புப் பையன்கள் நான்கு பேர். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? ஒளிந்துகொள்வதென்று முடிவெடுத்தேன். விளக்கைப் போடாதே, டிவி சத்தத்தைக் கூட்டாதே என்று உம்மாவுக்குச் சட்டம் போட்டேன். ஆச்சரியம், வாப்பா ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. பெருநாள் தொழுகைக்குத் தூரத்துப் பள்ளிவாசலுக்குப் போவோம் என்றபோதுகூட, “நானும் அதத்தான் நெனச்சேன்” என்றார். பிள்ளையின் மானம் காக்கும் தகப்பன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

விடியும் முன்பே டாக்சி பிடித்துப் போனோம். தொழுகை முடிந்ததும் எல்லோரும் எழுந்து ஒருவரையொருவர் கட்டித் தழுவினார்கள். வருடா வருடம் எங்கள் பள்ளிவாசலில் வாப்பா நாற்பது பேரையாவது தழுவி, சட்டையெல்லாம் பத்து வகை அத்தர் மணக்க வெளியே வருவார். அன்று எங்களுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. நான் வாப்பாவைத் தழுவினேன், வாப்பா என்னைத் தழுவினார். சட்டென்று விடாமல் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டார். மூச்சு முட்டியது. ஆள் கிடைக்காததால் எல்லோருக்கும் சேர்த்து என்னையே தழுவுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பும் பிரியாணி அந்த வருடம் வாசலைத் தாண்டவில்லை. ஆக, ஜார்ஜியாவில் எனக்கு முதல் மூன்று நாளும் பிரியாணிதான். மற்ற நேரமெல்லாம் திரை இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, கீழே பார்க்கிங்கில் பையன்கள் பந்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இடத்தில் வேறொருவன் கோல் காத்தான். நன்றாகவே காத்தான் என்பதுதான் தாங்க முடியவில்லை. ஒருவனாவது நிமிர்ந்து எங்கள் ஜன்னலைப் பார்ப்பான் என்று காத்திருந்தேன். பார்த்தால் குனிந்துகொள்ளவும் தயாராகத்தான் இருந்தேன். யாரும் பார்க்கவில்லை.

நான்காம் நாள் காலிங் பெல் அடித்தது. நான் கட்டிலுக்கு அடியில் பாய்ந்தேன். ஹாலில் இருந்த வாப்பாவும் நாற்காலியை ஓசைப்படாமல் நகர்த்திவிட்டு உள்ளறைக்கு வந்துவிட்டார். தண்ணீர் கேன் கொண்டுவந்த ஆள்தான் அது. கேனை வாங்கி வைத்துவிட்டு உம்மா வந்து நின்றாள்.

“எந்த ஊட்டுலயாச்சும் தண்ணிக்காரனுக்குப் பயந்து வாப்பாவும் மவனும் ஒளிவாங்களா? வெளிய வாங்க ரெண்டு பேரும்.”

நான் சிரித்தேன். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

கடைசி நாள் மாலை வாப்பா மூன்று பாஸ்போர்ட்டையும் மேசையில் வைத்து, விசாப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்ன பொய் சொல்வது என்ற கவலை எனக்கு. பக்கத்தில் போய் நின்றேன்.

“அடுத்த லீவுக்காவது கண்டிப்பா போவோமா வாப்பா?”

“பாப்போம்.”

“இதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு? அங்கதான் விசாவே வேணாமே!”

பாஸ்போர்ட்டை மூடினார்.

“அங்க வேணாம். இங்க வேணும்.”