கம்பிக்கு வெளியே நீண்ட கை

காஜா பெராங் என்ற ஊரில், எங்கள் தெருவில் கடை வைத்திருந்த ஒரு மரைக்காயர் இரும்புக் கூண்டில் தேன்கரடி வளர்த்தார். கம்பிகள் பதினாறு; ஒவ்வொன்றாக எண்ணி, ஒன்றுகூட அசையவில்லை என்று சோதித்திருந்தேன். அந்தத் தைரியத்தில் தினமும் நான்கு வாழைப்பழங்களைக் கம்பிக்கு வெளியே பிடித்து, கரடியைக் கை நீட்டி வாங்கப் பழக்கினேன்.

“வாத்தியாரே, பழத்தை உள்ளே போடுங்க. கை நீட்டப் பழக்காதீங்க,” என்றார் மரைக்காயர்.

“உம்ம கடை ஆளுங்களைவிட இதுக்கு மரியாதை தெரியுதய்யா!” என்று சிரித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு வாழைப்பழச் சீப்புடன் போன செட்டிக் குடும்பத்துப் பெண்மணி கூண்டை ஒட்டி நடந்தார். கரடி பழத்துக்குக் கை நீட்டியது. நகம் பட்டு அவர் தோள் ஆறு அங்குலம் கிழிந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

மாலையில் போலீஸ்காரர் துப்பாக்கியுடன் வந்தார்.

“தப்பு என்னுது. நான்தான் பழக்கினேன்,” என்று கெஞ்சினேன்.

“அதுக்கு உங்களையா சுட முடியும், வாத்தியாரே?” என்றார் மரைக்காயர், கண்ணைத் துடைத்தபடி.

என் குரல் கேட்டுக் கரடி எழுந்து வந்தது. கம்பிக்கு வெளியே கையை நீட்டியது. அப்போதுதான் போலீஸ்காரர் சுட்டார்.

இப்போது நான் கம்பிகளை எண்ணுவதில்லை. எந்தக் கூண்டருகேயும் பழம் நீட்டுகிறவர்களைத் தடுக்கிறேன். கரடிக்குட்டி வாங்க விலை கேட்பவர்களிடம், அதைக் காட்டிலேயே விட்டுவிடச் சொல்லி மன்றாடுகிறேன்.