விழாத கடா

வெர்லின் வாயைத் திறந்தால் துப்பாக்கிக் குண்டின் கனத்தைத் தவிர வேறு பேச்சு வராது. அமெரிக்காவின் ஒயோமிங்கில் மாவட்டத்து ஜல்லி ரோடுகளை முப்பது வருஷம் இயந்திரம் ஓட்டி நிரவியவன். ஞாயிற்றுக்கிழமையானால் சுடுதிடலுக்குப் போய் மல்லாந்து படுத்துக்கொள்வான். முழங்காலை மடக்கி, தோல் கட்டிய காலோரம் ரிவால்வரை அண்டக்கொடுத்து, இருநூறு மீட்டர் தள்ளி ஒரு தண்டவாளத் துண்டின் மேல் நிற்கும் இரும்புத் தகட்டுக் கடாவைச் சுடுவான். கையில் நாற்பத்து நாலு காலிபர் ரிவால்வர், பெரிய குண்டு. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அவனுக்குப் பொம்மை.

அவன் மனைவி ஆர்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். அவளிடம் இருந்தது முந்நூற்றைம்பத்தேழு. எண்தான் பெரிது, குண்டு சின்னது, உதைப்பும் குறைவு. தன் வீட்டு அடுப்பிலேயே ஈயம் உருக்கி, அந்தத் துப்பாக்கி தாங்குகிற அளவுக்குக் கனமாகக் குண்டு வார்த்துக்கொள்வாள். இரும்புக் கோழியும் பன்றியும் வான்கோழியும் அவளுக்கு மடமடவென்று விழும். கடாதான் வம்பு. குண்டு பட்டு டங்கென்று கேட்கும், ஆனால் சிலசமயம் கடா லேசாக ஆடிவிட்டு நின்றுவிடும். பட்டால் போதாது, தண்டவாளத்திலிருந்து கீழே விழ வேண்டும். அதுதான் ஆட்டத்தின் சட்டம்.

"நாய்க்குட்டி குலைச்சா கடா ஓடுமா?" என்பான் வெர்லின், நாலு பேர் முன்னால்.

"உன்னோடது பெரிய நாய்தான். குலைக்கிற அதிர்ச்சியில பாதிக் குண்டு மலைக்குப் போவுது" என்பாள் அவள்.

கிளப்பை நடத்தும் டெல்மர் சிரித்துச் சிரித்துக் காப்பியைச் சிந்துவான். "வெர்லின், என்னிக்காவது ஒருநாள் அவ உன் மூக்கை உடைக்கப் போறா பாரு." தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஆறு வருஷம் சாதித்தவனுக்கு அந்தச் சிரிப்பு உள்ளே குத்தும்.

பதினாலு வருஷத்துக்கு முந்தைய அக்டோபர் மாநிலப் போட்டியில் அந்த நாள் வந்தது. காலையிலிருந்து பனித்தூறல். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் தண்டவாளத்தில் உறைந்த பனியைச் சுத்தியலால் தட்டிவிட்டுக் கடாக்களை நிறுத்த வேண்டியது வெர்லினின் பொறுப்பு. கடைசிச் சுற்றுக்கு முன் விரல் விறைத்துப்போனது. தட்டாமலே நிறுத்திவிட்டு, போய் வண்டிக்குள் உட்கார்ந்து காப்பி குடித்தான்.

ஆர்லிஸ் ஒன்பது கடாக்களை வீழ்த்திவிட்டாள். பத்தாவதும் விழுந்தால் முதற்பரிசு அவளுக்கு. சுட்டாள். டங்கென்ற சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. கடா ஆடக்கூட இல்லை. தூறலில் குண்டு எங்கே பட்டதென்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்துச் சுடுகிறவருக்காகக் கடாக்களைத் திரும்ப நிறுத்துவதற்கு வெர்லின் தனியாக நடந்து போனான். நின்ற கடாவை இழுத்தான், வரவில்லை. கால் இரண்டும் பனியில் இறுகிக் கிடந்தன. உடம்பில் ஈயம் சிதறிய வெள்ளைத் தடம். ஒரு குரல் கொடுத்தால் போதும், டெல்மர் அவளுக்கு அந்தச் சூட்டை மறுபடி கொடுத்திருப்பான். வெர்லின் திரும்பிப் பார்த்தான். எல்லாரும் அங்கே கைகட்டி நின்றார்கள். ஆறு வருஷம் பேசிய பேச்சு அவன் கண்முன் நின்றது. காலால் ஒரு எத்து எத்திக் கடாவைப் பெயர்த்தான். பழைய தடங்களை மறைக்க எப்போதும் கொண்டுபோகும் கறுப்புப் பெயின்டை அந்தத் தடத்தின் மேல் அடித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இந்த மனுஷன் மறைத்துவிட்டான்.

"நீ சொன்னதுதான் சரி" என்று அந்தக் குளிர்காலத்திலேயே ஆர்லிஸ் துப்பாக்கியை விற்றுவிட்டாள். அப்புறம் பதினாலு வருஷம் அவன் பின்னால் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, அவன் குண்டு போன இடத்தைச் சொன்னாள். "தாழப் போச்சு. ஒரு சாண் வலது." அவள் கண்ணை வைத்து அவன் மூன்று வெள்ளி பெல்ட் கொக்கி ஜெயித்தான். ஒன்றைக்கூட அவன் இடுப்பில் கட்டியதில்லை. ஏன் என்று அவள் கேட்டபோதெல்லாம் கனமாக இருக்கிறது என்றான்.

இந்த ஏப்ரலில் அவளுக்கு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்து வந்தது. காஸ்பர் நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் தேவலை என்று இருந்தது.

அவள் வெகுநேரம் மூச்சு வாங்கினாள். பிறகு கேட்டாள். "எங்க பட்டுது?"

"என்னது?"

"என் குண்டு. கடாவுல எங்க பட்டுது?"

அவனுக்கு ஞாபகமில்லை. மறைக்கிற அவசரத்தில் தடத்தைப் பார்த்தானே தவிர, அது எந்த இடமென்று மனசில் வாங்கவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அதைப் பாத்த ஒரே ஆளு நீதான்."

மறுநாள் விடிந்ததும் திடலின் கொட்டகைக்குப் போனான். பத்துக் கடாக்களையும் கிடத்தி, கம்பி பிரஷ் வைத்துச் சுரண்டினான். பதினாலு வருஷப் பெயின்ட் பொரிந்து பொரிந்து உதிர்ந்தது. அடியில் அம்மைத் தழும்பு மாதிரி எங்கே பார்த்தாலும் குழி. இதில் எது அவளுடையது என்று எந்தச் சாமிக்குத் தெரியும்? நகக்கண்ணெல்லாம் கறுத்து, சாயங்காலம் அவள் கட்டிலருகே வந்து நின்றான்.

"தோள்ல. கழுத்தோரமா. அருமையான சூடு."

அவள் முகம் மலரும் என்று பார்த்தான். மலரவில்லை.

"அன்னிக்குக் காத்து தலைப்பக்கமிருந்து அடிச்சுது. நான் அதுக்கு இடம் விடாம சுட்டுட்டேன். கண்டிப்பா வால்பக்கம்தான் போயிருக்கும்." மூச்சு வாங்கினாள். "இப்பவுமா வெர்லின்?"

அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீர் கேட்டாள், ஜன்னல் திரையை விலக்கச் சொன்னாள். வியாழக்கிழமை காலை செத்துப்போனாள்.

மே மாதம் டெல்மர் அவனை வற்புறுத்தித் திடலுக்கு இழுத்து வந்தான். தானே தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். வெர்லின் மல்லாந்து படுத்து ஒரே ஒரு குண்டு சுட்டான். டங்கென்றது. கடா பின்னால் சரிந்து விழுந்தது.

"எங்க பட்டுது?" என்று கேட்டான் வெர்லின்.

"அதான் விழுந்துடுச்சே. எங்க பட்டா என்ன?"

வெர்லின் எழுந்திருக்கவில்லை. துப்பாக்கியைப் புல்லில் வைத்துவிட்டு, படுத்தபடியே குழந்தை மாதிரி விசும்பி அழுதான். டெல்மர் ஒன்றும் புரியாமல் அவன் தோளைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.